எண்ணெய் ஏறாத தலை: ஒரு ஹோண்டா சி70 இன்ஜினின் மேற்பாகத்தைப் பிரித்துக் கட்டிய பதிவு

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்த என் அப்பா, 1981-ஆம் ஆண்டு உடன் வேலை செய்த ஒருவரிடமிருந்து வாங்கிய ஹோண்டா சி70 இன்னும் எங்கள் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பழமை வாகனத் திட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருப்பதால் ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. அந்த 45 நாளும் வண்டி ஒழுங்காக ஓட வேண்டும் என்பதே என் விருப்பம். சென்ற ஆண்டின் பிற்பகுதியில் மூன்று குறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. காலையில் உதைத்துக் கிளப்பியதும் நீலப் புகை வந்தது. மண்டாய் சாலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்காமல் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. டேப்பெட் (வால்வைத் தள்ளும் திருகு) எழுப்பும் சத்தம் எத்தனை முறை சரிசெய்தாலும் இரண்டு நாளில் திரும்பிவந்தது. புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் காரணம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் தேய்மானம் என்று எளிதில் ஊகிக்கலாம். சத்தம் மட்டும் அந்த ஊகத்துக்குள் அடங்கவில்லை. பின்னர் பார்த்தபோது, உண்மையான கோளாறு அந்தச் சத்தத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

இந்த வண்டியை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1958-இல் வெளிவந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது சி70. அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைக் ‘கப்சாய்’ என்றே அழைப்போம். ‘கப்’ என்ற பெயரோடு சிறியது என்ற பொருள் தரும் சீன ஒட்டு சேர்ந்து உருவான சொல் அது. இன்ஜினில் ஒரே சிலிண்டர், 47 மி.மீ. உள்விட்டம், 41.4 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 72 சிசி. சிலிண்டர் ஏறத்தாழப் படுத்த நிலையில் முன்சக்கரத்தை நோக்கி நீண்டிருக்கும். இதனால் இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்காமலேயே மேற்பாகம் (சிலிண்டர், அதை மூடும் ‘தலை’, பிஸ்டன்) முழுவதையும் முன்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். வீட்டில் வேலை செய்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஆனாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட முடியாது. உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறிய பட்டறையின் ஒரு மூலையை ஆறு வார இறுதிகளுக்குக் கேட்டு வாங்கினேன். அப்பாவுடன் ஒரே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் பக்கத்து புளோக்கில் இருக்கிறார். அவரையும் உடன் அழைத்துச் சென்றேன். முதல் நாளே, ரிங்கும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் வாங்கிவந்துவிட்டேன் என்று நான் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இது: “அளந்து பாத்தியா தம்பி, இல்ல சும்மா தொட்டுப் பாத்தியா?” நான் அளக்கவில்லை. வாங்கிய ரிங்குகள் அளவு பொருந்தாமல் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

பிரிப்பதற்கு முன், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அளவியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு பலமுறை உதைத்ததில், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் முள் ஏறவில்லை. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் உதைத்தபோது 10 வரை ஏறியது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் உயர்ந்தால் கசிவு ரிங் பக்கம், உயராவிட்டால் வால்வு பக்கம் என்பது பொதுவான கணக்கு. படுத்த சிலிண்டரில் இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிடக் கூடாது. விட்ட எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் பரவாமல் கீழ்ப்பக்கத்திலேயே தேங்கிவிடும். மேல் பாதி ரிங்கிற்கு எண்ணெய் எட்டாமலே போகலாம். பிளக்கை மாட்டாமல் பத்து முறையாவது மெதுவாக உதைத்து எண்ணெயைப் பரவவிட்ட பிறகே அளவை எடுத்தோம்.

பிரிக்கும் வேலை பாதி நாளில் முடிந்திருக்க வேண்டும். முன்காப்புத் தகடு, கார்புரேட்டர், இன்லெட் குழாய் ஆகியவை சிக்கலின்றி வந்தன. சைலன்சர் குழாயைத் தலையோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட்களில் (மரை வெட்டிய கம்பிகளில்) ஒன்று, நட்டைத் திருப்பியதும் நட்டோடு முறிந்து வந்துவிட்டது. நாற்பது ஆண்டு வெப்பமும் இந்த ஊர் ஈரமும் சேர்ந்து அதை உள்ளே துரு பிடிக்க வைத்திருந்தன. முறிந்த முனையின்மீது ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு இருக்கும்போதே சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்து மாமா அதை எடுத்துக் கொடுத்தார். அலுமினியத்தில் முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்க நினைப்பவர்கள் முதலில் இந்த முறையை முயல வேண்டும் என்பேன். துளைப்பான் கெட்டியான எஃகிலிருந்து நழுவி மிருதுவான அலுமினியத்துக்குள் இறங்கிவிட்டால், பிறகு தலையையே மாற்ற வேண்டியிருக்கும்.

தலையின் இடப்பக்க வட்ட மூடியைத் திறந்து, ஃப்ளைவீலில் உள்ள, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியை இன்ஜின் உடலின் குறியோடு பொருத்தி, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டின் பற்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டின் ‘ஓ’ குறி தலையின் வெட்டுக்கு நேராக நிற்பதைப் படமெடுத்துக்கொண்டேன். பிறகு ஸ்ப்ராக்கெட்டின் மூன்று சிறு போல்ட்டுகளையும் எடுத்து, சங்கிலி உள்ளே விழாதபடி கம்பியால் கட்டினேன். தலையை இறுக்கும் நான்கு நட்டுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவற்றின் வாஷர்களில் ஒன்று செம்பு. எது எங்கே இருந்தது என்பதை அட்டையில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்திவைத்தேன். நான்கு நட்டுகளையும் எடுத்த பிறகும் தலை நகரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. இடப்பக்கத்தில், சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே ஒரு சிறு போல்ட்டும், சிலிண்டரின் அடியில் இன்னொன்றும் உண்டு. என் வண்டியில் ஃபின்களின் (குளிரூட்டும் தகடுகளின்) விளிம்பில் இருந்த பழைய நெம்பல் காயங்களைப் பார்த்தபோது, முன்பு இதைத் திறந்தவர் அந்தப் போல்ட்டுகளை மறந்துவிட்டே நெம்பியிருக்கிறார் என்பது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை முழுவதும் அளப்பதற்கே போனது. உள்விட்டத்தை ஓரிடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில், ஆறு அளவுகள் எடுத்தோம். மேலே 47.14, 47.11, நடுவே 47.09, 47.07; கீழே 47.02, 47.01. வட்டமும் கெட்டிருந்தது, மேலிருந்து கீழே சரிவும் விழுந்திருந்தது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே விரல் நகத்தால் உணரக்கூடிய விளிம்பு ஒன்று இருந்தது. பிஸ்டனின் பாவாடையை, அதாவது கீழ்ச்சுவரை, பிஸ்டன் ஊசிக்குச் செங்குத்தான திசையில் அளந்ததில் 46.93 வந்தது. மேல்பகுதியில் இடைவெளி 0.2 மி.மீ.; 0.1-ஐத் தாண்டினாலே மாற்ற வேண்டும். மேல் ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியைப் பார்த்தபோது 0.9 வந்தது. புதிதில் அது 0.15 முதல் 0.35-க்குள் இருக்க வேண்டும். இந்தச் சிலிண்டரில் புது ரிங்கை மட்டும் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டரில் புகை திரும்பியிருக்கும். உள்விட்டத் தேய்மானத்துக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சு தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வடிக்கப்படாத தூசியோடுதான் இந்த இன்ஜின் பல காலம் மூச்சு விட்டிருக்கிறது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்களான ராக்கர்களின் ஊசி முனையில் உள்ளே மரை வெட்டியிருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டை முடுக்கி இழுத்தால் ஊசி வந்துவிடும். அதன் பிறகு ராக்கர்களும் கேம்ஷாஃப்ட்டும் வெளியே வரும். எக்ஸாஸ்ட் கேமின் மூக்குப் பகுதியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அதன்மீது ஓடும் ராக்கரின் வழுக்குமுகத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். டேப்பெட் திருகின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வால்வுத் தண்டின் தலை அதில் சிறு கிண்ணம் போன்ற குழியை உண்டாக்கியிருந்தது. இத்தனை மாதமும் சத்தம் ஏன் தீரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இடைவெளியை அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை நான் செருகும்போது அது குழியின் இரு விளிம்புகளையும் தொட்டுக்கொண்டு பாலம்போல நின்றது. குழியின் ஆழம் கணக்கில் வராமலே போனது. நான் 0.05 என்று நம்பி வைத்த இடைவெளி உண்மையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. டேப்பெட் சத்தம் அடிக்கடி திரும்பும் பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருகு நுனியை.

கேமையும் ராக்கரையும் புதிதாக மாற்றிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். மாமா அதற்கு ஒப்பவில்லை. “இது தானா தேயல. எண்ணெய் வந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. எங்க அடைச்சிருக்குன்னு பாரு,” என்றார். என் வண்டியின் தலையில் கேம்ஷாஃப்ட் பந்துத் தாங்கியில் சுழல்வதில்லை; அலுமினியத் துளையிலேயே சுழல்கிறது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்த எண்ணெய், பம்பிலிருந்து இன்ஜின் உடல் வழியாக வந்து, தலையைப் பிடிக்கும் நான்கு நீண்ட ஸ்டட்களில் ஒன்றைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் ஏறித் தலைக்குப் போகிறது. ஸ்டட்டுக்கும் துளைச்சுவருக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு வளையம்தான் குழாய். வேறு வழி இல்லை.

சிலிண்டரின் அடிமுகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். அடிக் கேஸ்கெட்டின் இரு பக்கமும் சாம்பல் நிற சிலிக்கோன் பசை தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. முன்பொரு முறை மேற்பாகத்தைத் திறந்து மூடிய பட்டறையின் வேலை அது. இறுக்கும்போது பிதுங்கிய பசையில் வெளிப்பக்கம் வந்ததைத் துடைத்திருக்கிறார்கள். உட்பக்கம் வந்தது அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் ஏறும் துளையின் விளிம்பில் அரிசிமணி அளவுள்ள ஒரு பிதுக்கம், ஸ்டட்டைத் தொட்டபடி, வளையத்தின் பாதிக்கும் மேற்பட்ட சுற்றை மூடியிருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தேன். ரப்பர் போல நீண்டு, ஒரு துண்டு கையோடு வந்தது. மீதி உள்ளேயே அறுந்து நின்றதால் மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. துளை திறந்ததும் மறுமுனையிலிருந்து ஊதினேன். காற்று தடையின்றி வந்தது. தலைக்குள் கண்ட தேய்மானத்துக்கெல்லாம் அந்த அரிசிமணியே காரணம்.

இதைப் படிக்கும் எவரும் இந்த வகை இன்ஜினில் அடிக் கேஸ்கெட்டுக்குப் பசை பூச வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முகங்கள் தட்டையாகவும் தூய்மையாகவும் இருந்தால் காகிதக் கேஸ்கெட் ஒன்றே போதும். முகம் தட்டையாக இல்லையென்றால் பசை அந்தக் குறையை மறைக்கும், தீர்க்காது.

உதிரிபாகங்களைத் தேடுவதில் பெரிய சிரமம் இல்லை. ஜாலான் புசார் வட்டாரத்தில் கேஸ்கெட் தொகுப்பும் சங்கிலி உருளையும் கிடைத்தன. கேம்ஷாஃப்ட்டும் ராக்கர்களும் ஜோகூர் பாருவிலிருந்து வந்தன. பிஸ்டனைப் பொறுத்தவரை 0.25 கூடுதல் அளவு போதும் என்பது என் கணக்கு. போரிங் போடுபவர் ஆறு அளவுகளையும் பார்த்துவிட்டு 0.50 என்றார். தேய்மானம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், 47.25-க்குக் கடைந்தால் ஒரு பக்கம் பழைய மேற்பரப்பு அப்படியே மிச்சமாகும் என்பது அவர் சொன்ன காரணம். அது சரிதான். பிஸ்டனை முதலில் வாங்கி அவர் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனின் அளவுக்கே கடையச் சொல்வதுதான் முறை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைந்தால் இடைவெளி எப்படி வரும் என்று சொல்ல முடியாது. என் பிஸ்டன் 47.47 இருந்தது, சிலிண்டர் 47.50-க்குக் கடைந்து, ஹோனிங் (நுண்கல்லால் உரசும் வேலை) செய்யப்பட்டு வந்தது. கொள்ளளவு 71.8 சிசியிலிருந்து 73.4-க்கு ஏறியிருக்கிறது, ஓட்டுவதில் அந்த வித்தியாசம் தெரியாது.

கடைந்து வந்த சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஹோனிங் கல்லின் துகள் குறுக்குக் கோடுகளின் பள்ளத்தில் தங்கிவிடும். மண்ணெண்ணெய் அதை எடுக்காது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் தூரிகையும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை நான்கு முறை கழுவினேன். மூன்றாவது முறையும் துணி சாம்பல் நிறமாகத்தான் வந்தது. கழுவிய உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். வார்ப்பிரும்பு இந்த ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் பழுப்பேறிவிடும்.

தலைக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. கரியை மரச்சுரண்டியால் நீக்கி, வால்வுகளை உரசுபசை போட்டுத் தேய்த்து, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் துளியும் கசியவில்லை. இன்லெட் பக்கம் ஈரம் தெரிந்ததால் மறுபடியும் தேய்த்தேன். கேம் சுழலும் துளைகளில் மெல்லிய கீறல்கள் உண்டு. அதற்காகத் தலையையே மாற்றுவதா என்று யோசித்தேன். புதிய கேம்ஷாஃப்ட்டைச் செருகி அசைத்துப் பார்த்ததில் ஆட்டம் இல்லை. எண்ணெய் இனி ஒழுங்காக ஏறப்போகிறது. அதனால் பழைய தலையையே வைத்துக்கொண்டேன்.

எண்ணெய்ப் பாதையில் இன்னும் இரண்டு இடங்கள் பாக்கி இருந்தன. வலப்பக்க மூடியைத் திறந்து, அடியில் செருகியிருக்கும் வலைத்தகட்டையும், கிளட்ச்சோடு சேர்ந்து சுழலும் வடிகட்டும் அறையையும் பார்த்தோம். அறைக்குள் கறுப்புச் சேறு கெட்டியாகப் படிந்திருந்தது. எண்ணெயை மாற்றினால் இந்தச் சேறு போகாது. திறந்து துடைத்தால்தான் போகும். மேற்பாகத்துக்கு இவ்வளவு செலவழித்த பிறகு இந்த மூடியைத் திறக்காமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

திரும்பப் பூட்டும்போது முதலில் இன்ஜினின் வாயைத் துணியால் அடைத்தேன். பிஸ்டன் ஊசியைப் பிடித்திருக்கும் சிறு வளையமான சர்க்லிப் உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். பிஸ்டனின் தலையிலுள்ள ‘இன்’ எழுத்து கார்புரேட்டர் பக்கம், அதாவது மேலே, இருக்க வேண்டும். ரிங்குகளை மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் முனை இடைவெளியையும் புதுச் சிலிண்டரில் அளந்தேன், 0.22, 0.25. வாய்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி இருக்குமாறு திருப்பி வைத்து, பிஸ்டனின் அடியில் இரண்டு மரச்சட்டங்களை முட்டுக் கொடுத்து, சிலிண்டரை மெதுவாக ஏற்றினேன். அதன் அடிவாய் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் விரலாலேயே ரிங்குகளை அமுக்கி உள்ளே விடலாம். எந்த இடத்திலாவது இறுகினால் தட்டாமல், வெளியே இழுத்து மறுபடி தொடங்க வேண்டும்.

தலை நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மூன்று தவணையாக, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். இவற்றுக்கு 9 முதல் 12 நியூட்டன்-மீட்டர் போதும். கைப்பழக்கத்தில் இறுக்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். கேம் சங்கிலியை மாட்டி, குறிகள் இரண்டும் பொருந்துவதைப் பார்த்துவிட்டு, போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டேன். மாமா ஃப்ளைவீலை இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். சுற்றிப் பார்த்தபோது ‘டி’ குறி நேராக நிற்க, ‘ஓ’ குறி ஒரு பல் தள்ளி நின்றது. சங்கிலியின் ஒரு பக்கத் தொய்வு முதலில் கண்ணுக்குப் படவில்லை. சங்கிலியை இறுக்கும் டென்ஷனர் அழுத்தியதும் ஸ்ப்ராக்கெட் நகர்ந்துவிட்டது. கழற்றி ஒரு பல் மாற்றிப் போட்ட பிறகு, நான்கு சுற்றுகள் சுற்றியும் குறிகள் அசையவில்லை. புதுத் திருகுகளோடு, குளிர்ந்த நிலையில், இரண்டு வால்வுகளுக்கும் 0.05 வைத்தேன்.

கிளப்புவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, மேலேயுள்ள டேப்பெட் மூடியையும் திறந்துவைத்து, உதைக்கத் தொடங்கினேன். இருபது உதை, முப்பது உதை, ஒன்றும் தெரியவில்லை. நாற்பதை நெருங்கும்போது ராக்கரின் தோளில் ஒரு பளபளப்பு படர்ந்து, விளிம்பில் திரண்டு, துளியாக விழுந்தது. மாமா டார்ச் விளக்கைப் பிடித்தபடி குனிந்து பார்த்துவிட்டு, “ஏறிருச்சு,” என்றார். பிளக்கை மாட்டி இரண்டாவது உதையிலேயே வண்டி கிளம்பியது. முதல் சில நிமிடம் பூசிய எண்ணெய் எரிந்து புகை வந்து, பிறகு நின்றது.

பழக்கி ஓட்டும் முதல் 300 கிலோமீட்டருக்கு 45 நாளில் ஐந்து நாள்களைச் செலவிட்டிருக்கிறேன். செம்பவாங்கிலிருந்து மண்டாய் சாலை வழியாக, 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயங்கள் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலை வரை சென்று திரும்புவதே வழக்கமான பாதை. ஒரே வேகத்தில் ஓட்டாமல், 25-க்கும் 45-க்கும் நடுவே ஏற்றியும் இறக்கியும் ஓட்டினேன். ரிங் படிவதற்கு அந்த ஏற்ற இறக்கம் தேவை. மண்டாய் ஏற்றத்தில் இப்போது மூன்றாவது கியரிலேயே போகிறது. 200 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினேன். வடிந்ததில் மெல்லிய வெள்ளிப் பளபளப்பு இருந்தது, துகள் இல்லை. 300-இல் கம்ப்ரஷன் 11.5, இன்லெட் இடைவெளி மாறவில்லை, எக்ஸாஸ்ட் 0.07-க்குத் திறந்திருந்ததால் மறுபடி 0.05-க்குக் கொண்டுவந்தேன். இடப்பக்க வட்ட மூடியின் அடியில் மட்டும் ஓர் எண்ணெய்ப் பொட்டு தெரிகிறது. அந்தக் கேஸ்கெட்டை வரும் ஞாயிற்றுக்கிழமை பசையில்லாமல் மாற்றப்போகிறேன்.